இந்தத் தடவைக்கு இல்லை

உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சு நேற்றுத் தபாலில் வந்தது. அதில் இருந்த இரண்டு பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, மறு தபாலிலேயே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அத்தோடு இன்று உனக்கு எழுத வேறொன்றும் இருந்திருக்கக் கூடாது. ஆனால் காலையிலிருந்து நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. பாத்திர அலமாரியை இரண்டு தடவை துடைத்தேன். பஜாருக்குப் போய், வாங்கப் போனதை வாங்காமல் திரும்பினேன். இந்தக் கடிதத்தையே மூன்று தடவை தொடங்கிக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. இது நான்காவது. இதையும் கிழித்தால் பம்பாயில் உன் கைக்கு நேரத்தோடு வந்து சேராது என்பதால் கிழிக்கப் போவதில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை நடக்கும் எங்கள் சேர்ந்திசைக்குச் சுமதியையும் அவள் அப்பா அம்மாவையும் அழைத்து வருவதாக எழுதியிருக்கிறாய். "அம்மா தனிக்குரல் பாடுவாள் என்று சொல்லியிருக்கிறேன், அதற்காகவே சித்தூரிலிருந்து கார் ஏற்பாடு செய்கிறார்கள்" என்ற வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் தடவை பெருமையோடு படித்தேன். பிறகு ஒவ்வொரு தடவையும் மடித்து வைத்துவிட்டு மறுபடி பிரித்தேன். ஏனென்றால் அன்றைக்கு நான் அந்த வரிசையில் நிற்பேனா என்பது எனக்கே தெரியாது. இன்று மாலை ஐந்தரை மணிக்கு என் குரலைச் சோதிக்கப் போகிறார்கள்.

நீ மலையைவிட்டுப் போன பிறகுதான் இந்தக் குழு ஓர் ஒழுங்குக்கு வந்தது. ஆகவே உனக்குத் தெரியாததை முதலில் சொல்கிறேன். நாங்கள் நாற்பத்திரண்டு பேர். கொழுந்து எடுக்கும் பெண்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்குகள், லாரி டிரைவர்கள் இருவர், அடிக்குரலுக்கு ஜவுளிக்கடை பாய். பாதிப் பேர் மாதாவைக் கும்பிடுகிறவர்கள். பாயைத் தவிர மீதிப் பேர் என்னைப்போல முருகனையோ மாரியம்மனையோ கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள். நாங்கள் பாடுவது இருநூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் யாரோ ஒருவர் நான்கு குரலுக்கு எழுதிய லத்தீன் பூசைப் பாட்டு. தேவாலயத்தில் பூசை தாய்மொழிக்கு மாறிய பிறகு, இந்த மலையில் லத்தீனைக் கேட்க வேண்டுமென்றால் எங்கள் கிளப் ஹாலுக்குத்தான் வரவேண்டும். எங்களை நடத்துவது ஆஸ்பத்திரியில் இருக்கும் சிஸ்டர் ஆக்னஸ். கால் ஆர்மோனியம் வாசிப்பதும் அவர்தான். ஐந்து கோட்டில் எழுதிய இசையைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவரும் நானும் மட்டும். கோயமுத்தூர் கான்வென்டில் ஸ்கேலால் முழங்காலில் அடி வாங்கிப் படித்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. மற்றவர்களுக்குச் சொற்கள் தமிழிலோ மலையாளத்திலோ எழுதிய நோட்டு, ராகத்துக்குக் காது, எங்கே நுழைய வேண்டும் என்பதற்கு என் தலையசைப்பு. இப்படித்தான் பன்னிரண்டு வருஷம் ஓடியிருக்கிறது.

குழுவில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் எல்லாரும் தனியாகப் பாடிக் காட்ட வேண்டும். கிளப்பில் சினிமா காட்டும் வெள்ளைத் திரையை இறக்கிக் கட்டி, பாடுகிறவரை அதற்குப் பின்னால் நிறுத்துவோம். சீட்டுப் போட்டு எடுத்த எட்டுப் பேர் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். யார் பாடுகிறார் என்று சொல்வதில்லை. எட்டுப் பேரில் ஒருவர் கை தூக்கினாலும் போதும். சிஸ்டர், "இந்தத் தடவைக்கு இல்லை" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த தடவைக்குப் பாடியவர் மறுபடி பேர் கொடுக்கலாம். இந்த விதியைப் போட்டவள் நான். முதல் வருஷம் முகத்தைப் பார்த்து ஆள் எடுத்தோம். மேனேஜர் மனைவி முன் வரிசையில் நின்று எல்லாருடைய சுருதியையும் கெடுத்தாள். அவளிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. திரைக்குப் பின்னால் மேனேஜர் மனைவியும் கொழுந்துக்காரியும் ஒன்றுதான். இந்த விதியைப் பற்றி எனக்கு இன்றும் பெருமை உண்டு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

இரண்டு மாதமாக எங்கள் இரண்டாம் குரல் வரிசை சுருதி இறங்குகிறது. பாட்டின் நடுவில் ஆர்மோனியம் நின்று குரல்கள் மட்டும் போகும் ஒரு பகுதி இருக்கிறது. அது முடிந்து ஆர்மோனியம் மறுபடி சேரும்போது நாங்கள் பள்ளத்தில் நிற்போம், அது மேட்டில் நிற்கும். முதலில் நான் ஆர்மோனியத்தைக் குறை சொன்னேன். மழைக்காலத்து ஈரத்தில் அதன் நாக்குகள் ஊறிவிட்டன என்றேன். சிஸ்டர் கேட்டுக்கொண்டு, "சரி டீச்சரே, ஆர்மோனியத்துக்கும் ஜலதோஷம் வரும் அல்லே" என்றார். பிறகு என் வலப்பக்கம் நிற்கும் நர்ஸ் லீலாவைப் பிடித்துக்கொண்டேன். இருபத்து மூன்று வயதுப் பெண், கோட்டயம் பக்கம். ஒத்திகைக்கு ஒத்திகை, எல்லார் முன்னாலும், "லீலா, நீ இறங்குகிறாய். மூச்சைச் சேர்த்து வை. காது எங்கே இருக்கிறது உனக்கு?" என்று கேட்டேன். அவள், "ஆம் டீச்சர்" என்பாள். போன வாரம் பிரசவ வார்டில் ஆள் இல்லாமல் மூன்று மாலை அவள் வரவில்லை. அந்த மூன்று மாலையும் ஆர்மோனியம் சேரும் இடத்தில் அதே பள்ளம், அதே மேடு. மூன்றாவது மாலை சிஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டினார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். லீலா ஊசிகளை வெந்நீரிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே, இத்தனை நாள் இறங்கியது நான்தான் என்று சொன்னேன். அவள் இடுக்கியைக் கீழே வைக்கவில்லை. "சாரமில்ல டீச்சர், பரவால்ல. எனக்குத்தான் காது கேடு வந்துபோச்சுன்னு நினைச்சு போன மாசம் கோட்டயத்துல டாக்டர்கிட்ட காட்டினேன். அவர் இரண்டு காதும் நல்லா இருக்குன்னு சொன்னார். அப்பவும் எனக்கு நம்பிக்கை வரல்ல" என்றாள். ஒரு பெண்ணைத் தன் இரண்டு காதுகளையும் நம்பாமல் செய்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க எழுந்த வார்த்தை ஆங்கிலத்தில்தான் வந்தது. அது எனக்கு எப்போதும் எளிதான வழி.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்தது இந்த இடத்தில்தான்.

ஆறு வருஷத்துக்கு முன், அப்பா குழுவிலிருந்து நின்றபோது, மூச்சு வாங்குகிறது, அதனால் நின்றுவிட்டார் என்று உனக்கு எழுதினேன். அவரும் பாட்டு தனக்கு ஒத்துவரவில்லை என்று எழுதியதாக நீ சொன்னாய். இரண்டும் பொய். அந்த வருஷம் சோதனையில் கேட்கிற எட்டுப் பேரில் என் சீட்டும் வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஆறாவதாக ஒரு குரல் தொடங்கியது. முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. முப்பத்தேழு வருஷம் கேட்ட குரல். தேயிலையை உறிஞ்சி உறிஞ்சி ருசி பார்த்த தொண்டை, அடியில் ஒரு கரகரப்பு. இரண்டாவது வரியில் இறங்கினார். மற்ற ஏழு பேரின் கைகளும் மடியில் இருந்தன. அவர்களுக்கும் அது யார் என்று தெரிந்திருக்கும், தெரிந்ததால்தான் கைகள் மடியில் இருந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் ஐயா, டீச்சர் வீட்டுக்காரர் என்பதற்காக விதி வளைகிறது என்று நினைத்தேன். நான் கை தூக்கினேன்.

"இந்தத் தடவைக்கு இல்லை" என்றார் சிஸ்டர். திரைக்குப் பின்னாலிருந்து "செரிங்க சிஸ்டர்" என்று பதில் வந்தது. சோதனை முடிந்ததும் திரையை அவிழ்த்துச் சுருட்ட அவர்தான் ஒத்தாசை செய்தார். வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, தட்டின் முன் உட்கார்ந்த பிறகு கேட்டார்.

"கையத் தூக்குனது நீதான?"

"ஆமாங்க."

"செரி. சரியாத்தான் தூக்குன. ரெண்டாவது வரியிலயே எறங்கிப்போட்டனாட்ட இருக்குது." கொஞ்ச நேரம் சாப்பிட்டுவிட்டு, "மத்தவங்க ஒருத்தரும் தூக்குலியா?" என்றார்.

"இல்லீங்க."

"பாரு, எத்தன மரியாத எனக்கு" என்று சிரித்தார். அவ்வளவுதான். அதன் பிறகு அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சும் இல்லை. ஒவ்வொரு ஒத்திகைக்கும் குடையோடு என்னைக் கிளப் வரை கொண்டுவந்து விடுவார். உள்ளே வரமாட்டார். டிரைவர்களோடு வெளியே படியில் உட்கார்ந்திருப்பார். அவர் கட்டைவிரலால் தொடையில் தாளம் போடுவதை ஜன்னல் வழியாக நான் பார்த்திருக்கிறேன். அடுத்த வருஷம் சோதனைக்குப் பேர் கொடுக்கும் நாள் வந்தது. அவர் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. விதி எல்லாருக்கும் தெரியும், வேண்டுமென்றால் பேர் கொடுக்கட்டும், அவர் முறை அது என்று நினைத்தேன். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. அந்த மழைக்காலத்தில் போய்விட்டார்.

நான் கை தூக்கியது தவறு என்று இன்றும் சொல்லமாட்டேன். அவர் இறங்கினார், நான் கேட்டேன். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தது. எழுநூறு நாள் காலையில் காபி கொடுத்திருக்கிறேன். ஒரு நாள், "இந்தத் தடவை பேர் கொடுங்க, நான் சொல்லித் தர்றேன்" என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒருவேளை அதற்காகத்தான் ஒவ்வொரு ஒத்திகைக்கும் அந்தப் படி வரை வந்தாரோ என்னவோ. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். சரியாகச் சொல்லிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆள் நான். நீயும் அப்படித்தான், அது என்னிடமிருந்து வந்தது.

சுமதியின் அம்மா போன வாரம் எனக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கல்யாணப் புடவை பற்றித்தான். கடைசியில் இரண்டு வரி, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதியது தெரிகிற எழுத்தில். சுமதி உனக்கு எழுதிய ஆங்கிலக் கடிதத்தை நீ திருத்தி, தவறுகளின் கீழே கோடு போட்டு, அவளுக்கே திருப்பி அனுப்பினாயாம். உன் திருத்தங்கள் சரியாகவே இருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்குப் பிறகு ஆறு வாரமாக அவள் உனக்கு எழுதவில்லை. அவள்தான் பதில் போட வேண்டும் என்று நீ காத்திருக்கிறாய், இல்லையா? கணக்குப்படி அவள் முறைதான். காத்திருக்காதே. நீ எழுது. தமிழில் எழுது. எதையும் விளக்க வேண்டாம், பம்பாயில் மழை எப்படி என்று எழுது, சாப்பாடு எப்படி என்று எழுது, ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த அன்றைக்கே எழுது.

ஐந்தாகப் போகிறது. புறப்பட வேண்டும். மீதி நாளைக்கு.

வியாழன் காலை.

நேற்று எனக்குச் சீட்டில் விழுந்தது நான்காம் எண். திரைக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷத்தில் நான் பல தடவை நின்றிருக்கிறேன், ஆனால் அந்தத் துணியின் தையல்களை நேற்றுத்தான் எண்ணினேன். பாச்சை உருண்டை வாசனை. அந்தப் பக்கம் பெஞ்சில் யாரோ இருமினார்கள். சிஸ்டர் ஒரு சுரம் கொடுத்தார். நான் தொடங்கினேன். முதல் வரி நன்றாக இருந்தது, நன்றாக இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. மூன்றாவது வரியில், மேலே போய்த் திரும்பி வரும் இடத்தில், என் குரல் திரும்பி வந்த இடம் நான் புறப்பட்ட இடம் அல்ல. எனக்குக் கேட்டது. ஒரு மயிரிழைதான். ஆனால் அந்த மயிரிழைக்காகத்தான் இந்தத் திரையையே கட்டினோம். நான் பாடி முடித்து, கைகளை மடக்கிக்கொண்டு, அந்தச் சொற்களுக்காகக் காத்திருந்தேன்.

"ஒரு கையும் இல்ல" என்றார் சிஸ்டர்.

வெளியே வந்து பெஞ்சைப் பார்த்தேன். எட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜவுளிக்கடை பாய் மட்டும் தலையைத் தூக்கி, "நல்லா இருந்தது டீச்சர்" என்றார். நன்றாக இருந்தால் அவர் இப்படிச் சொல்லவேமாட்டார். நல்லது என்று சொல்லும் வழக்கம் எங்கள் சோதனையில் கிடையாது.

திரும்பும்போது ஞானம் என்னோடு நடந்தாள். உனக்கு அவளைத் தெரியாது. மேல் பிரிவில் கொழுந்து எடுக்கிறவள், நாற்பது வயது, அப்பன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. இரண்டாம் குரலில் என் இடப்பக்கம் நிற்பாள். நேற்று எட்டுப் பேரில் ஒருத்தி. பாலத்தைத் தாண்டினோம். பிறகு அவளே தொடங்கினாள்.

"டீச்சரம்மா, நான் கையத் தூக்கத்தான் போனேன்."

நான் நின்றேன்.

"பக்கத்துல பாக்கியம் இருந்தாள்லா, அவ என் கையப் புடிச்சு மடியோட அமுக்கிட்டா. ரெண்டு கையாலயும். நகம் பதிஞ்சு கெடக்கு, பாருங்க." புடவைத் தலைப்பை விலக்கிக் காட்டினாள். உண்மையாகவே பதிந்திருந்தது.

"நான் இறங்குகிறேன் என்று உனக்கு எத்தனை நாளாகத் தெரியும்?"

"கோடையிலயே தெரியும். நர்சுப் பொண்ண நீங்க ஏசும்போதெல்லாம் நான் நோட்டுக்குள்ள மூஞ்சிய வச்சிக்கிடுவேன். அது இல்ல, நீங்கதான்னு சொல்லணும். ஒங்ககிட்ட யாரு சொல்லுவா?"

"நீ சொல்லியிருக்கலாம்."

"நல்லாச் சொன்னீக. பஜாருல பாத்தாலே முந்தானைய இழுத்துச் சரி பண்ணிக்கிடுதோம், அவ்வளவு பயம். இதுல போயி சுருதிய வேற சொல்லச் சொல்லுதீக." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னாள்: "மொதலாளி பொண்டாட்டி பாடுனாலும் நான் தூக்கிருப்பேன். நீங்க போயிட்டா எங்க நுழையணும்னு எங்களுக்கு யாரு தலைய அசைப்பா? அந்தப் பயத்துலதான் பாக்கியம் அமுக்குனா. அவள ஏசாதீக."

என்னை வரிசையில் வைத்திருந்தது என் குரல் இல்லை, என் தலையசைப்பு. இது ஒரு மரியாதை என்றுதான் அவள் நினைத்துச் சொன்னாள். வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் அறைக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். சம்பந்திகள் கார் பிடித்து வருகிறார்கள். கையெல்லாம் மடியில் இருக்கிறது. சிஸ்டர் பட்டியலில் என் பேரை எழுதியாயிற்று. நான் பேசாமல் நின்றால், அந்த மயிரிழையைச் சித்தூரிலிருந்து வருகிற யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நீயும் கண்டுபிடிக்கமாட்டாய், உனக்குக் காது உன் அப்பாவுடையது. இந்த நினைப்பிலேயே விடிந்தது. என்ன செய்வேன் என்று இந்த வரியை எழுதும் வரை எனக்குத் தெரியவில்லை. இன்று மாலை பட்டியல் படிப்பார்கள்.

சனிக்கிழமை.

வியாழன் மாலை சிஸ்டர் பட்டியல் படித்தார். முதல் குரல் முடிந்து, இரண்டாம் குரலில் என் பேர் முதலாவது. படித்ததும் நான் கை தூக்கினேன். ஏதோ கேட்கப் போகிறேன் என்று நினைத்து அவர் காத்திருந்தார். நான் கையை இறக்கவில்லை. ஹாலில் ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டார்கள்.

"டீச்சரே, பாடின ஆள் கை தூக்கான் பாடில்ல, கூடாது" என்றார் சிஸ்டர்.

"அப்படி விதியில் எங்கே இருக்கிறது?"

"விதி எழுதினது டீச்சர்தானே, அல்லே?"

"அதனால்தான் கேட்கிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமாயிற்று. பிறகு, பன்னிரண்டு வருஷமாக எல்லாருக்கும் சொன்ன அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல் அந்த மூன்று சொற்களைச் சொன்னார். அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். "அடுத்த தடவைக்கு என் பேரை எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். அதைச் சொல்வது கை தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. உன் அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

தனிக்குரலை ஞானத்துக்குக் கொடுக்கச் சொன்னேன். அவள், "ஐயையோ, மொதலாளிமாரு முன்னாலயா, எனக்குச் செருப்புகூடக் கிடையாதே டீச்சரம்மா" என்றாள். "செருப்பு பாடாது, நின்று பாடு" என்றேன். பாக்கியம் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆனால் நேற்றைய ஒத்திகையில் நடந்ததைக் கேள். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். குரல்கள் மட்டும் போகும் பகுதியில் இரண்டாம் குரல் பதினொரு தாள அடி சும்மா இருந்து, பன்னிரண்டாவதில் நுழைய வேண்டும். தனிக்குரல் முதலில், பிறகு வரிசை. பதினொன்று முடிந்தது. பன்னிரண்டு வந்தது. ஒருவரும் நுழையவில்லை. ஞானத்தின் வாய் திறந்தபடி இருந்தது, அவள் கண் என் தலைமேல் இருந்தது. பழக்கத்தில் என் தாடை தானாகவே மேலே போயிற்று. அதைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டு அடி தாமதமாக அவள் நுழைந்தாள், தேவைக்கு மேல் சத்தமாக. வரிசை அவள் பின்னால் விழுந்தடித்துக்கொண்டு வந்தது. ஆனால் ஆர்மோனியம் மறுபடி சேர்ந்தபோது, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, பள்ளமும் இல்லை மேடும் இல்லை. லீலா என்னைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

இன்று காலை ஞானம் கொழுந்துக் கூடையோடு வாசலில் வந்து நின்றாள். "முன் வரிசை நாற்காலியில உக்காந்து லேசா ஒரு அசைப்பு அசைங்க டீச்சரம்மா. யாருக்கும் தெரியாது" என்றாள். முடியாது என்றேன். உன் விரலில் எண்ணு, உன் மூச்சில் எண்ணு, என்னைப் பார்க்காதே என்றேன். முகம் வாடிப் போனாள். இப்போது நான் எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே மேல் சரிவில் பெண்கள் வரிசையாகக் கொழுந்து எடுக்கிறார்கள். அவள் எது என்று இங்கிருந்து தெரியவில்லை. கை ஓய்ந்து நிற்கிற ஒவ்வொருத்தியும் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே நீ வரும்போது செய்ய வேண்டியது இது. சுமதியின் வீட்டாரிடம் எனக்குத் தொண்டை வலி என்று சொல்லாதே. அம்மா சோதனையில் தேறவில்லை, அடுத்த தடவைக்குப் பேர் கொடுத்திருக்கிறாள் என்று சொல். கார் மலையாள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்டைக் காலை எட்டுக்குள் தாண்டினால், உடுமலை, மறையூர் வழியாக மூன்று மணிக்கு இங்கே இருக்கலாம். அவர்கள் இனியும் வர விரும்பினால் வரட்டும். கேட்க வேண்டிய குரல் ஒன்று இருக்கிறது. கொழுந்து எடுக்கும் பெண்ணுடையது. செருப்பு நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன், போடுவாளோ என்னவோ.

அவள் சரியாக நுழைவாளா என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் இருக்கிறது. நான் இதுவரை இந்தப் பாட்டை ஒரு தடவைகூட உட்கார்ந்து கேட்டதில்லை, எப்படிக் கேட்பது என்றும் தெரியாது. முன் வரிசை வேண்டாம், அவள் கண்ணில் நான் படக் கூடாது. எட்டாவது வரிசையில் தூணுக்குப் பின்னால் ஐந்து இடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் சுமதி உட்காரட்டும், மறுபக்கம் நீ. ஆர்மோனியம் நின்றதும் என் கையைப் பிடித்துக்கொள். கெட்டியாகப் பிடி. விட்டால் தலையை அசைக்க நான் எழுந்து நின்றுவிடுவேன்.